காணியை ஈடு வைத்து உயிரிரசாயனவியல் படிப்பிக்கலாமா?

தம்பி, உங்கள் கேள்வியின் முதல் வரி, "உயிரிரசாயனவியல் படித்தால் கடனை அடைக்கிற அளவுக்குச் சம்பளம் வருமா?" என்பதுதான். ஆனால் அதற்குக் கீழே நீங்கள் தந்திருக்கும் விபரங்களை இரண்டு தடவை வாசித்த பிறகு, நீங்கள் உண்மையில் கேட்பது அதைவிடப் பெரியது என்று தோன்றியது. தங்கை உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் சித்தியடைந்திருக்கிறார், மருத்துவ பீடத்துக்கு இசட் புள்ளி காணாது. கொழும்பிலுள்ள தனியார் நிறுவனமொன்று இங்கிலாந்துப் பல்கலைக்கழகம் ஒன்றின் உயிரிரசாயனவியல் பட்டத்தை நான்கு ஆண்டுகளில் பெற்றுத் தருவதாகச் சொல்கிறது. கட்டணம், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து 40 இலட்சம் ரூபா. அம்மாவுக்குச் சீதனமாக வந்த கோப்பாய்த் தோட்டக்காணி நாலு பரப்பை ஈடு வைத்து அந்தப் பணத்தை வங்கியில் எடுக்கலாம் என்று வீட்டில் பேசுகிறார்கள். லண்டனில் இருக்கும் மாமா, தன் மகனும் இதே பாடத்தைக் கடனில்தான் படிக்கிறான், பயப்பட ஒன்றுமில்லை என்கிறார். நீங்களோ கட்டாரில் வேலை செய்துகொண்டு, இணையத்தில் தேடி, அமெரிக்காவில் ஓர் உயிரிரசாயனவியலாளர் ஆண்டுக்கு ஒரு இலட்சம் டொலருக்கு மேல் உழைக்கிறார் என்று கண்டிருக்கிறீர்கள். ஆகவே உங்கள் கேள்வி, எதிர்பார்த்த வருமானம் வராவிட்டால் இந்தக் கடனைச் சுமக்கப்போவது யார், காணி திரும்பி வருமா என்பதே. அதற்கே பதில் எழுதுகிறேன்.

நான் இருபத்தாறு ஆண்டுகள் யாழ்ப்பாணத்தில் இரசாயனவியலும் உயிரிரசாயனவியலும் கற்பித்தவன். அதில் பெரும்பகுதி செய்முறை வகுப்புகளில், ஆய்வுகூட மேசையருகே நின்று கழிந்தது. என்னிடம் படித்தவர்கள் எங்கே போனார்கள், என்ன வேலை கிடைத்தது, எத்தனை ஆண்டுக்குப் பிறகு கிடைத்தது என்பதை முடிந்தவரை கேட்டு அறிந்து வைத்திருக்கிறேன். பணக் கணக்கில் நான் தொழில்முறை ஆள் அல்லன். பல மாணவர்களின் கடனுக்குப் பிணை நின்றவன் என்ற அளவிலேயே வங்கி விடயம் தெரியும். தங்கைக்கு வந்த அனுமதிக் கடிதத்தையும் நான் பார்க்கவில்லை. இந்த எல்லைக்குள் நின்று சொல்கிறேன்.

முதலில் மாமா சொன்னதை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் உங்கள் வீட்டில் எல்லோரையும் துணியவைத்திருப்பது அந்த வார்த்தைதான் என்று நினைக்கிறேன். மாமா பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் வாயில் வரும் "கடன்" வேறு, கோப்பாய்க் காணியின் உறுதியில் ஏறும் "கடன்" வேறு. இங்கிலாந்தில் நிரந்தர வதிவிடம் உள்ள பிள்ளை 2023 ஓகஸ்டுக்குப் பிறகு பல்கலைக்கழகம் போயிருந்தால், அவர் எடுக்கும் மாணவர் கடன் "பிளான் 5" எனப்படும் திட்டத்துக்குள் வரும். அதில் ஆண்டு வருமானம் 25,000 பவுணைத் தாண்டினால் மட்டுமே திருப்பிக் கட்டவேண்டும். தாண்டிய தொகையில் 9 வீதம் சம்பளத்திலேயே கழிக்கப்படும். மாமாவின் மகன் படித்து முடித்து 30,000 பவுண் சம்பளத்தில் சேர்ந்தால், மேலதிகமான 5,000 பவுணுக்கு 9 வீதம், அதாவது ஆண்டுக்கு 450 பவுண், மாதத்துக்கு 37 பவுண் 50 பென்ஸ். வேலை போனால் கழிவும் நின்றுவிடும். 40 ஆண்டுக்குப் பிறகும் மிச்சம் இருந்தால் அந்த மிச்சம் தள்ளுபடி. யாரும் வீட்டுக்கு வந்து உறுதியைக் கேட்கமாட்டார்கள், தாய் தகப்பன் பிணைக்குக் கையெழுத்துப் போடுவதில்லை. அவுஸ்திரேலியாவிலும் அரச மாணவர் கடன் வருமானத்தோடு சேர்ந்து ஏறி இறங்குவதுதான். அங்கே பட்டம் தோற்றால் கடனும் கூடவே தோற்கிறது. இங்கே பட்டம் தோற்றாலும் தவணை தோற்காது, அடுத்த மாதம் அதே திகதியில் வந்து நிற்கும். ஆகையால் மாமாவின் மகன் பயப்படாமல் படிக்கிறான் என்பதிலிருந்து உங்கள் தங்கையும் பயப்படாமல் படிக்கலாம் என்ற முடிவுக்கு வரமுடியாது.

இனி அந்தத் தவணையைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது சந்தேகத்துக்கு இடமில்லாத பகுதி, வெறும் பெருக்கல் வகுத்தல். ஆண்டுக்குப் பத்து இலட்சம் வீதம் நான்கு ஆண்டும் எடுக்கிறீர்கள், வட்டி 14 வீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள் (உங்கள் வங்கி சொல்லும் வீதத்தைப் போட்டு நீங்களே மறுபடி செய்து பார்க்கவேண்டும்). படிக்கும் காலத்தில் வட்டியை மட்டும் மாதாமாதம் கட்டி வருவதானால், முதலாம் ஆண்டில் மாதம் ஏறத்தாழ 11,700 ரூபா. நாலாம் ஆண்டில் முழுக் கடனும் எடுத்து முடிந்த நிலையில் மாதம் ஏறத்தாழ 46,700 ரூபா. பிள்ளை இன்னும் ஒரு சதம் உழைக்கத் தொடங்கவில்லை, கடனின் முதல் தொகையில் ஒரு சதம் குறையவுமில்லை. அதன் பிறகு 40 இலட்சத்தை ஏழு ஆண்டில் அடைப்பதானால் மாதம் ஏறத்தாழ 75,000 ரூபா. படிக்கும் காலத்து வட்டியையும் கட்டாமல் முதலோடு சேரவிட்டால், பட்டம் பெறும் நாளில் கடன் 56 இலட்சமாக நிற்கும். அதை ஏழு ஆண்டில் அடைக்க மாதம் ஒரு இலட்சத்து ஐயாயிரம் வேண்டும், மொத்தத்தில் வங்கிக்குப் போவது 88 இலட்சம் அளவில். நீங்கள் பேசிக்கொண்டிருக்கும் 40 இலட்சம் ஒரு தொடக்கத் தொகை மாத்திரமே.

இந்தத் தொகையை நம் நாட்டுச் சம்பளத்தோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அரச ஊழியரின் ஆகக் குறைந்த மாத அடிப்படைச் சம்பளத்தை 24,250 ரூபாவிலிருந்து 40,000 ரூபாவுக்குக் கட்டம் கட்டமாக உயர்த்துவதாக 2025 வரவு செலவுத் திட்டம் அறிவித்தது. பட்டதாரி நியமனம் அதற்கு மேலே தொடங்கும் என்பது உண்மை. ஆனால் படித்து முடித்த பட்டதாரி ஒருவரின் தொடக்கச் சம்பளம், அரசிலென்றாலும் தனியார் ஆய்வுகூடமென்றாலும், 75,000 ரூபாத் தவணையைக் கட்டிவிட்டுக் கொழும்பில் அறை வாடகையும் சாப்பாடும் பார்க்கக் காணும் என்று என் மாணவர் ஒருவரும் இதுவரை சொல்லவில்லை. இரண்டு ஆண்டுக்கு முன் ஒரு பிள்ளை எங்கள் வீட்டு விறாந்தையில் வந்திருந்து, சம்பளத் துண்டையும் வங்கிப் புத்தகத்தையும் பக்கம் பக்கமாக விரித்து வைத்தார். மருந்துப் பொருள்களும் சோதனை இரசாயனங்களும் இறக்குமதி செய்யும் நிறுவனமொன்றில் விற்பனைப் பிரிவு வேலை. சம்பளத் துண்டில் இருந்த தொகையின் முக்காற் பங்குக்குத் தவணை. மிச்சத்தில் அறை, பயணம், சாப்பாடு. இரண்டு ஆண்டாக அந்தத் துண்டுவிழும் தொகையைத் தகப்பன் வெங்காயம் விற்ற காசில் அனுப்பிக்கொண்டிருந்தார். "சேர், நான் படிச்ச ஒண்டையும் அங்கை செய்யிறதில்லை" என்று அவர் சொன்னது இன்னும் எனக்கு வலிக்கிறது. கெட்டிக்காரப் பிள்ளை, நொதிய இயக்கவியல் வரைபடத்தை அவரளவுக்குச் சுத்தமாகக் கீறியவர்கள் எனக்கு அதிகம் வாய்க்கவில்லை.

வட்டி வீதம் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். 2022ஐ நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அந்த ஆண்டு மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவை ஒட்டி நின்ற டொலர் மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. மத்திய வங்கி ஏப்ரலில் ஒரே அடியாக 7 வீதப் புள்ளிகள் வட்டியை உயர்த்தியது. ஆண்டு முடிவதற்குள் வங்கிகள் தம் முதன்மை வாடிக்கையாளரிடம் வாங்கிய வட்டியே 25 வீதத்தைத் தாண்டிவிட்டது. 40 இலட்சத்துக்கு 25 வீதம் என்றால் வட்டி மட்டும் மாதம் 83,000 ரூபாவுக்கு மேல். அது மறுபடி நடக்கும் என்று நான் சொல்லவில்லை. நான்காண்டுப் படிப்பும் ஏழாண்டுத் தவணையுமாகப் பதினொரு ஆண்டுக்கு நீளும் ஒரு கடனில், வட்டி நிலையானதா மாறுவதா என்பதையும், கட்டணம் ரூபாவிலா பவுணிலா எழுதப்பட்டிருக்கிறது என்பதையும் கேட்காமல் கையெழுத்துப் போடுவது ஆபத்து என்றே சொல்கிறேன். இங்கிலாந்துப் பல்கலைக்கழகத்துக்குப் போகவேண்டிய பங்கு பவுணிலேயே இருந்து, அதை அந்தந்த ஆண்டு மாற்று விலையில் கட்டவேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்தால், 40 இலட்சம் என்ற தொகையே நிச்சயமானதில்லை.

அடுத்தது நீங்கள் இணையத்தில் கண்ட ஒரு இலட்சம் டொலர். அந்த எண்ணும் சரியானதுதான். அமெரிக்கத் தொழில் புள்ளிவிபரப் பணியகம் உயிரிரசாயனவியலாளருக்கும் உயிர்ப்பௌதிகவியலாளருக்கும் சேர்த்துத் தரும் இடைநிலை ஆண்டு வருமானம் ஒரு இலட்சம் டொலருக்குச் சற்று மேலேதான் இருக்கிறது. ஆனால் அதே பக்கத்தில், அந்தத் தொழிலுக்குள் நுழைய வழக்கமாக வேண்டிய கல்வித் தகைமை கலாநிதிப் பட்டம் என்றும் எழுதியிருக்கிறார்கள். அதாவது அந்தச் சம்பளத்துக்கும் உங்கள் தங்கை பெறப்போகும் பட்டத்துக்கும் இடையில் இன்னும் ஐந்து ஆறு ஆண்டுப் படிப்பு கிடக்கிறது. இந்தப் பாடத்தின் வருமானக் கணக்குகளில் மக்கள் ஏமாறும் இடம் பெரும்பாலும் இதுதான். உயிரிரசாயனவியல் முதற்பட்டத்தோடு நின்றவரும், அதன் மேல் மருத்துவம் படித்தவரும், கலாநிதியாகி மருந்துக் கம்பனியில் சேர்ந்தவரும் ஒரே சராசரிக்குள் அகப்பட்டு நிற்கிறார்கள். அந்தச் சராசரியை ஏற்றுவது பின்னைய இருவரும். பிரித்தானியாவில் இன்ஸ்டிடியூட் ஃபோர் ஃபிஸ்கல் ஸ்டடீஸ் என்ற ஆய்வு நிறுவனம் 2020இல் வரித்தரவுகளை வைத்துச் செய்த மதிப்பீட்டில், பட்டத்தால் வாழ்நாள் முழுவதும் கிடைக்கும் நிகர ஆதாயம் சராசரியாக ஆணுக்கு 130,000 பவுண், பெண்ணுக்கு 100,000 பவுண் என்று வந்தது. ஆனால் ஏறத்தாழ ஐந்து பேரில் ஒருவர், பணத்தை மட்டும் பார்த்தால், பல்கலைக்கழகம் போகாமல் இருந்திருந்தால் கூடுதல் வசதியாக இருந்திருப்பார் என்பதும் அதே ஆய்வில்தான் இருந்தது. அந்த ஒருவருக்கு அங்கே வருமானத்துக்கேற்ற கடன் ஒரு மெத்தைபோல் கீழே இருக்கிறது. நமக்கு அந்த மெத்தை இல்லை.

அப்படியானால் முதற்பட்டம் மட்டும் நம் நாட்டில் எதை வாங்கித் தரும்? இதில் ஒரு தவறான நம்பிக்கை யாழ்ப்பாணத்தில் ஆழமாக இருக்கிறது: உயிரிரசாயனவியல் படித்தால் வைத்தியசாலை ஆய்வுகூடத்தில் வேலை எடுக்கலாம் என்பது. படிப்பும் வேலையும் பார்வைக்கு ஒன்றேபோல் இருப்பதால் அந்த நம்பிக்கை வருகிறது. செய்முறை வகுப்பில் பிள்ளைகள் பத்து மைக்ரோலீற்றர் குருதி நீர்ப்பாயத்தை மைக்ரோபிப்பெற்றால் எடுத்து, ஒரு மில்லிலீற்றர் சோதனைத் திரவத்தில் விட்டு, 37 பாகையில் பத்து நிமிடம் வைக்கிறார்கள். குளுக்கோசு இருந்தால் நொதியம் அதை ஒட்சியேற்றி ஐதரசன் பரவொட்சைட்டைத் தர, அது இன்னொரு நொதியத்தின் உதவியோடு இளஞ்சிவப்பு நிறத்தைக் கொடுக்கிறது. குழாயை ஒளிமானியில் வைத்து 505 நனோமீற்றரில் வாசித்தால் சீனியின் அளவு வரும். வைத்தியசாலையில் இயந்திரம் செய்வதும் அடிப்படையில் இதையேதான். ஆனால் அந்த அறிக்கையைப் பொறுப்போடு வெளியிட உரித்துள்ளவர் இலங்கை மருத்துவச் சபையில் பதிவுபெற்ற மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர். அவருக்கு மேலே இருப்பவர் மருத்துவம் படித்துவிட்டு இரசாயன நோயியலில் விசேட பட்டம் பெற்ற வைத்திய நிபுணர். உயிரிரசாயனவியல் பட்டம் தன்னளவில் இந்த இரண்டு வாசலையும் திறக்காது. வேலை விளம்பரத்தைக் கையில் கொண்டுவந்து, "எனக்கு இந்தச் சோதனை எல்லாம் செய்யத் தெரியுமே சேர், ஏன் விண்ணப்பிக்க ஏலாது?" என்று கேட்ட பிள்ளைக்கு இதைச் சொல்லி விளங்கப்படுத்தியிருக்கிறேன். பட்டத்தில் சேருமுன் யாராவது சொல்லியிருக்கவேண்டியதை, பட்டம் பெற்ற பிறகு நான் சொல்லவேண்டி வந்தது.

மிச்சமுள்ள வேலைகள் உண்டு, இல்லையென்று சொல்லமாட்டேன். உணவு, பானம், மருந்து, இறப்பர் தொழிற்சாலைகளில் தரக் கட்டுப்பாடு, தண்ணீரும் மண்ணும் சோதிக்கும் ஆய்வுகூடங்கள், கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனம், மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம், தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் போன்ற அரச நிறுவனங்கள், பாடசாலை ஆசிரியம். ஆராய்ச்சி நிறுவனங்களில் வெற்றிடம் விரல்விட்டு எண்ணக்கூடியது. தொழிற்சாலைகள் மேல் மாகாணத்தில் குவிந்திருக்கின்றன. யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு இந்தப் பட்டத்துக்குரிய வேலை செய்வது கடினம். ஆசிரிய நியமனமும் அபிவிருத்தி உத்தியோகத்தர் நியமனமும் அரசு ஆட்களை எடுக்கும் காலத்தைப் பொறுத்தவை. 2017இல் யாழ் மாவட்டச் செயலகத்துக்கு முன்னால் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்கில் குந்தியிருந்ததை இங்கிருந்த எல்லோரும் பார்த்தோம். 2020இல் நாடு முழுவதும் பட்டதாரிகளைப் பயிலுனராக எடுத்தபோது கொடுத்த மாதக் கொடுப்பனவு 20,000 ரூபா. அந்தப் பட்டதாரிகளில் மிகப் பெரும்பாலானோர் இலவசக் கல்வியில் படித்தவர்கள், தலையில் கடன் இல்லாதவர்கள். காத்திருக்க அவர்களால் முடிந்தது. ஈட்டுக் கடனோடு வெளியே வரும் பிள்ளைக்குக் காத்திருக்கக் கால அவகாசம் இல்லை, கிடைத்த முதல் வேலையைப் பிடிக்கவேண்டும். கடன் சம்பளத்தைக் குறைப்பதில்லை, ஆனால் எந்தச் சம்பளத்தைத் தேர்ந்தெடுக்கலாம் என்ற சுதந்திரத்தை அது எடுத்துவிடுகிறது. விறாந்தையில் வந்திருந்த பிள்ளைக்கு நேர்ந்தது அதுவே.

இவ்வளவு சொன்னதால் இந்தப் பாடத்தை நான் வெறுக்கிறேன் என்று எண்ணிவிடாதீர்கள். என் வாழ்நாளைக் கொடுத்த பாடம் அது. அதற்குப் பணத்தாலும் மதிப்பு உண்டு, ஆனால் அந்த மதிப்பு முதற்பட்டத்தில் இல்லை, அதற்கடுத்த வாசலில் இருக்கிறது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இரசாயனவியல், உயிரிரசாயனவியல் துறைகளில் கலாநிதிப் படிப்புக்கு எடுக்கும் மாணவரிடம் பெரும்பாலும் கட்டணம் வாங்குவதில்லை. கற்பித்தல் உதவியாளராகவோ ஆராய்ச்சி உதவியாளராகவோ வைத்து மாதச் செலவுக்குப் பணமும் கொடுக்கிறார்கள். நம் அரச பல்கலைக்கழகங்களில் இரசாயனவியல் சிறப்புப் பட்டம் பெற்றவர்கள் இந்த வழியால் நெடுங்காலமாகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். என் மாணவர்களில் நன்றாக உழைப்பவர்கள் என்று நான் சொல்லக்கூடியவர்கள் அனேகமாக இந்த வழியால் போனவர்களே. அவர்களில் ஒருவரும் முதற்பட்டத்துக்குக் கடன்பட்டவரல்லர். அந்த வாசலில் பார்க்கப்படுவது நான்காண்டுச் சிறப்புப் பட்டமா, இறுதியாண்டில் உண்மையான ஆய்வு செய்தாரா, அவரைக் கூட வைத்து வேலை வாங்கிய விரிவுரையாளர் என்ன எழுதிக் கொடுக்கிறார், ஆங்கிலம் எப்படி என்பவை. பட்டச் சான்றிதழில் "உயிரிரசாயனவியல்" என்ற சொல் இருக்கவேண்டும் என்பதில்லை. இதிலும் நிச்சயமற்றது ஒன்று இருக்கிறது: 2025இல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்களுடைய ஆராய்ச்சி நிதியில் வெட்டும் குழப்பமும் ஏற்பட்டபோது, சில பல்கலைக்கழகங்கள் கலாநிதி மாணவர் அனுமதியைக் குறைத்தன. உங்கள் தங்கை விண்ணப்பிக்கும் காலத்தில் அந்த வாசல் எவ்வளவு அகலமாக இருக்கும் என்று இன்று யாராலும் சொல்லமுடியாது. குறுகியிருந்தால் காத்திருக்கவேண்டி வரும். காத்திருக்கவேண்டுமானால் கடன் இருக்கக்கூடாது. எந்தப் பக்கத்தால் பார்த்தாலும் கணக்கு அங்கேயே வந்து நிற்கிறது.

பட்டம் முடித்துவிட்டு லண்டனுக்குப் போய்ச் சேரலாம் என்ற மாமாவின் இரண்டாவது யோசனையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிரித்தானியாவில் திறமைத் தொழிலாளர் விசாவுக்கு வேண்டிய பொதுச் சம்பள எல்லை 2025 ஜூலையிலிருந்து ஆண்டுக்கு 41,700 பவுண்; புதிதாகத் தொழிலுக்கு வருபவருக்கான சலுகை எல்லையே 33,400 பவுண். உயிரிரசாயனவியலில் முதற்பட்டம் மட்டும் உள்ளவரின் தொடக்கச் சம்பளம் அங்கே வழக்கமாக இந்தச் சலுகை எல்லைக்கும் கீழே. அதனால், அங்கே ஓராண்டு முதுமாணிப் படிப்பு, பிறகு அப்படியே தங்கிவிடலாம் என்று முகவர்கள் காட்டும் வழிக்கு மறுபடி ஒரு கடன் எடுப்பதை நான் எந்த மாணவருக்கும் சிபாரிசு செய்வதில்லை. முதுமாணிதான் வேண்டுமானால் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் உயிரிரசாயனவியல், மூலக்கூற்று உயிரியல், உயிர்த்தொழில்நுட்ப நிறுவனத்தில் வேலை செய்துகொண்டே படித்தவர்கள் இருக்கிறார்கள்.

ஆகவே என் கருத்து: இந்தக் காணியை இந்தப் படிப்புக்கு ஈடு வைக்கவேண்டாம். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் தெரிவு முடிவு இன்னும் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், அதற்கு முன்பே சேர்ந்தால் கட்டணக் கழிவு என்று நிறுவனம் அவசரப்படுத்துவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கழிவு எவ்வளவாக இருந்தாலும், திருநெல்வேலியிலுள்ள யாழ் பல்கலைக்கழகத்தில் கட்டணமில்லாத ஓர் இடம் கிடைப்பதற்கு அது ஈடாகாது. தங்கை விண்ணப்பத்தில் தெரிவுகளை எந்த ஒழுங்கில் போட்டார் என்று கேளுங்கள். யாழ் பல்கலைக்கழகத்திலேயே மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம், மருந்தியல், தாதியியல் பட்டங்கள் இருக்கின்றன. முதலாவதைப் படிப்பவர் தொடுவதும் நான் மேலே சொன்ன அதே சோதனைக்குழாய்களைத்தான், ஆனால் முடிவில் தொழிற் பதிவோடு வெளியே வருவார். உயிரியல் விஞ்ஞானத்துக்கு இடம் வந்தால் அதையும் வெறும் பி.எஸ்ஸி. என்று தள்ளாதீர்கள், இரசாயனவியலைப் பிடித்துக்கொண்டு சிறப்புப் பட்டத்துக்குப் போனால், மேலே சொன்ன கலாநிதி வாசலுக்கு அது நேரான பாதை. மகாபொல அரச புலமைப்பரிசில் 2025இல் மாதம் 7,500 ரூபாவாக இருந்தது. அது செலவுக்குக் காணாது, ஆனால் கடனைப் போல வளர்வதுமில்லை. ஒன்றும் கிடைக்காவிட்டால், உயர்தரத்துக்கு மூன்று தடவை தோற்றலாம் என்ற விதிக்குள் இன்னொரு தடவை எடுக்க மனம் இருக்கிறதா என்று பிள்ளையிடம் கேட்கலாம். இராஜகிரியவில் இலங்கை இரசாயனவியல் நிறுவனம் 1979இல் தொடங்கி நடத்திவரும் இரசாயனவியல் பட்டதாரித் தகைமையையும் பார்க்கலாம். அதைப் படித்துவிட்டு வெளிநாட்டில் கலாநிதிப் படிப்புக்குப் போனவர்கள் இருக்கிறார்கள்.

இவை எல்லாவற்றுக்கும் பிறகும் கொழும்பு நிறுவனத்துக்கே போவதென்று வீட்டில் முடிவானால், சில காரியங்களை முதலே செய்துகொள்ளுங்கள். அந்த இங்கிலாந்துப் பல்கலைக்கழகம் மானியங்கள் ஆணைக்குழு அங்கீகரிக்கும் பட்டியலில் உள்ளதா என்று ஆணைக்குழுவிடமே எழுத்தில் கேளுங்கள், நிறுவனத்தின் சொல்லை எடுக்கவேண்டாம். அங்கீகாரம் இல்லாத பட்டத்தோடு அரச வேலைக்கு விண்ணப்பிப்பது வீண் அலைச்சல். உயர்கல்வி அமைச்சின் வட்டியில்லா மாணவர் கடன் திட்டத்துக்குள் அந்த நிறுவனமும் அந்தப் படிப்பும் வருகின்றனவா என்று பாருங்கள். வருமானால் கடனின் ஒரு பகுதிக்காவது வட்டியை அரசே ஏற்கும், காணியைத் தொடவேண்டிய தொகை குறையும். போன ஆண்டு வெளியேறியவர்கள் என்ன வேலையில் இருக்கிறார்கள் என்று கேட்டு, இரண்டு மூன்று பேரோடு நேரில் பேசுங்கள்; விளம்பரத்தில் சிரிக்கும் படத்தில் உள்ளவர்களை விட்டுவிட்டு மற்றவர்களைத் தேடுங்கள். ஆய்வுகூடத்துக்குள் போய், ஒரு வகுப்புக்கு எத்தனை பிப்பெற், ஒளிமானி வேலை செய்கிறதா, இறுதியாண்டு ஆய்வை யார் மேற்பார்வை செய்கிறார் என்று பாருங்கள். கடன் தொகைக்கு நான் மாணவர்களுக்குச் சொல்லும் எல்லை ஒன்று உண்டு: நீங்கள் கண்ணால் கண்ட ஒரு சம்பளத் துண்டின் மூன்றிலொரு பங்கை மாதத் தவணை தாண்டக்கூடாது. அது அனுபவத்தில் வந்த அளவுகோல், விதியல்ல. 75,000 ரூபாத் தவணைக்கு அந்தக் கணக்கில் 225,000 ரூபாத் தொடக்கச் சம்பளம் வேண்டும்.

காணியைப் பற்றி ஒரு சொல். அது அம்மாவின் பெயரிலுள்ள காணி, உங்கள் குடும்பம் யாழ்ப்பாணத் தமிழருக்குரிய தேசவழமைச் சட்டத்துக்கு உட்பட்டது என்றால், அம்மா அதை ஈடு வைக்க அப்பாவின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். நொத்தாரிசு அதைக் கேட்பார். சட்டத்துக்காக மட்டும் நான் இதைச் சொல்லவில்லை. உங்கள் விபரத்தைப் பார்த்தால், அந்தக் காணி நாளைக்குத் தங்கைக்கே போகவேண்டியது என்று நினைக்கிறேன். அப்படியென்றால் இப்போது நடப்பது, பிள்ளையின் சொத்தைப் பிள்ளையின் பெயரால் பணயம் வைப்பது. தவணையை நீங்கள் கட்டாரிலிருந்து கட்டுவதாக எழுதியிருக்கிறீர்கள். பதினொரு ஆண்டு அங்கே வேலை நிலைக்குமா, இடையில் உங்களுக்குக் கலியாணம் நடந்தால் அந்தப் பணம் அப்படியே வருமா என்பதை உங்கள் அன்பை வைத்து அளக்கமுடியாது. தவணை நின்றால் ஏலத்துக்குப் போகும் நிலம் அப்பா இன்று வெங்காயம் நடும் நிலம்.

கடைசியாக ஒன்று. நீங்கள் இவ்வளவு விரிவாக எழுதியிருக்கிறீர்கள், மாமா சொன்னது இருக்கிறது, அம்மாவின் விருப்பம் இருக்கிறது, வங்கி சொன்னது இருக்கிறது. தங்கை என்ன சொன்னார் என்பது மட்டும் ஒரு வரியிலும் இல்லை. அடுத்த தடவை தொலைபேசியில் பேசும்போது, மருத்துவம் கிடைக்காத கவலையை ஒரு பக்கம் வைத்துவிட்டு, அவரிடம் இதைக் கேளுங்கள்: இருபத்தெட்டு வயதிலும் மாணவியாகவே இருந்து, ஒரே பரிசோதனையை முப்பது தடவை திரும்பச் செய்ய உனக்குப் பிடிக்குமா? பிடிக்கும் என்றால் இந்தப் பாடம் அவருக்குரியது, அதற்குக் கடனில்லாத பாதையை நாங்கள் தேடலாம். யாழ்ப்பாணத்தில்தான் இருக்கிறார் என்றால், ஒரு சனிக்கிழமை என் பழைய ஆய்வுகூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், பிப்பெற்றைக் கையில் கொடுத்து, அந்த இளஞ்சிவப்பு நிறம் வருவதைக் காட்ட நான் ஆயத்தமாக இருக்கிறேன்.